உறையினுள் செங்கல்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், திருவரங்கத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எமக்குக் கொடுக்கப்பட்ட பொருள் "மனித இயல்பும் அதன் குறைபாடுகளும்" என்பது. செயலாளர் அவர்கள் இதனை அழைப்பிதழில் அச்சிடுவித்த பின்னரே எமக்கு அறிவித்தார்கள். பொருளோ பெருங்கடல்; எமக்கு அளித்த காலமோ முக்கால் மணி. கூட்ட முடிவில் சிற்றுண்டி உண்டு என்பதையும் அவ்வழைப்பிதழே வெளியிட்டுவிட்டமையால், அம்முக்கால் மணியையும் முழுமையாக எடுத்துக்கொள்ள எமக்குத் துணிவில்லை. ஆதலின் கடலை நீந்தப் புகாது, ஒரு கை நீரை மட்டும் அள்ளிக் காட்டுவோம். ஆணையிடுதல், சூளுறவு, சத்தியம் செய்தல் என்றெல்லாம் வழங்கும் ஒரு பழக்கமே அந்த ஒரு கை நீர். இதனைத் தேர்ந்தமைக்குக் காரணமும் உண்டு. இவ்வொரு குறைபாட்டின் முழு வரலாற்றையும் அறிய நாம் வேற்றூர் செல்ல வேண்டுவதில்லை. காவிரிக்கு அக்கரையிலுள்ள கோட்டையும் இக்கரையிலுள்ள இத்தீவும் அதனை நமக்குச் சொல்லித் தரும்.

மனிதன் பொய் சொல்லுகின்றான் என்பது பழஞ்செய்தி. அதனைச் சொல்ல ஒரு தமிழாசிரியனை மாலை சூட்டி அழைத்திருக்க வேண்டுவதில்லை. பொய் சொல்லுங்கால் அவன் சத்தியத்தையே துணைக்கு அழைக்கின்றான் என்பதன்றோ வியப்பு! மெய் பேசுவோன் "மழை பெய்கிறது" என்று சொல்லி அமைகின்றான். "சத்தியமாக மழை பெய்கிறது" என்பவனைக் கண்டால் நாம் எழுந்து சன்னலைத் திறந்து பார்க்கின்றோம்.

திருச்சிராப்பள்ளிப் பெரிய கடை வீதியில் ஒரு நாள் நடந்து பாருங்கள். "அடக்க விலைக்கும் குறைவாகத் தருகின்றேன்; என் பிள்ளைமேல் ஆணை" என்று கடைக்காரர் சொல்லுகின்றார். அவர் சொல்லுவது மெய்யாயின், இருபதாண்டுகளாக நாள்தோறும் கைப்பொருளை இழந்து, அவ்விழப்பைக் கொண்டே மூன்று மாடிக் கட்டடம் எழுப்பியிருக்கின்றார் என்று கொள்ளல் வேண்டும். வாங்க வந்தவரும் இளைத்தவரல்லர். "சத்தியமாகக் கையில் இவ்வளவுதான் இருக்கிறது" என்று அவரும் சொல்லுகின்றார். உள்மடியில் மற்றொரு தாள் மடித்து உறங்குகின்றது. இரண்டு சத்தியங்களும் ஒன்றையொன்று தழுவிக்கொள்ள, வாணிகம் இனிதே முடிகின்றது. இருவரும் மகிழ்ச்சியோடு வீடு திரும்புகின்றனர். இதில் யாருக்கும் பெருந்தீங்கில்லை. ஆயினும் ஆணை என்னும் நாணயம் இங்ஙனம் கைமாறிக் கைமாறித் தேய்ந்துபோகின்றது.

எம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். வீட்டுப்பாடம் எழுதினாயா என்று கேட்டால், "சத்தியமா எழுதினேன் ஐயா, ஏட்டை வீட்டில் வைத்துவிட்டேன்" என்பான். ஒரு நாள் அவனருகில் சென்று உற்றுக் கேட்டோம். "சத்தியம" என்பதை உரக்கச் சொல்லி, "ங்கலம்" என்பதை வாய்க்குள்ளே விழுங்கிக்கொண்டிருந்தான். அஃதாவது, அவன் ஆணையிட்டது சத்தியத்தின்மேல் அன்று, சத்தியமங்கலம் என்னும் ஊரின்மேல்! இலக்கணம் கற்பித்த எமக்கே தோன்றாத பகுபத நுட்பம் அது. யாம் அவனைத் தண்டியாது விட்டோம். அவன் பொய் சொன்னமைக்காக விட்டோமல்லோம். அவன் உள்ளத்தில் எங்கேயோ ஓர் அச்சம் இருந்தது கண்டு விட்டோம். அவ்வச்சத்தைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

நம் முன்னோர் இதனை எவ்வாறு செய்தனர் என்று பார்ப்போம். இக்காலத்துத் திருச்சிராப்பள்ளியின் ஒரு பகுதியாய் அடங்கிக் கிடக்கும் உறையூர், அக்காலத்துச் சோழர் தலைநகர். சோழன் நலங்கிள்ளி பாடிய வஞ்சினப் பாட்டொன்று புறநானூற்றில் 73-ஆம் பாட்டாக உள்ளது. அதன் துறை வஞ்சினக் காஞ்சி. பணிந்து வந்து இரந்தால் அரசு கொடுத்தலும் எளிது, உயிரைக் கேட்பினும் கொடுப்பேன் என்று கூறும் அவன், தன் வலியை இகழ்ந்து எதிர்த்தோரை வருத்தாது விடுவேனாயின், உள்ளன்பில்லா மகளிர் தழுவலில் என் மாலை துவள்வதாக என்று சூளுரைக்கின்றான். அதற்கு முந்தைய பாட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன், மாங்குடி மருதன் முதலாய புலவர் என் நாட்டைப் பாடாது ஒழிவாராக, என் குடிமக்கள் என்னைக் கொடியன் எனத் தூற்றுவாராக, இரப்போர்க்கு ஈய இயலா வறுமை என்னை அடைவதாக என்கின்றான். கூர்ந்து நோக்குமின். ஈண்டு ஆணை தவறினால் இழப்பு யாருக்கு? சொன்னவனுக்கே. அவன் புகழ், அவன் இன்பம், அவன் கொடை. தன் உடைமையையே பந்தயத்தில் வைக்கின்றான்.

இக்காலத்து ஆணையோ பிறர் தலைமேல் இடப்படுவது. பிள்ளை தலைமேல், தாய் தலைமேல், மனைவியின் தாலிமேல். தன் தலைமேல் தானே கைவைத்து ஆணையிடுவோர் அரியர்; அத்தலையின் மதிப்பு ஊரறிந்ததாகையால் போலும். பணயம் வைக்கப்பட்ட பிள்ளையை ஒருவரும் உடன்பாடு கேட்பதில்லை. அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும்.

தெய்வத்தோடு செய்யும் உடன்படிக்கையிலும் இதே முறைதான். சமயபுரத்திற்குச் சென்று பாருங்கள். கடன் தீர வேண்டுமென்று வேண்டிக்கொண்டவர் தந்தையார். மொட்டையடிக்கப்பட்டு வீறிட்டழுவது ஒன்றரை வயதுக் குழந்தை. அவ்வூர் அன்னையோ, மாசி இறுதி ஞாயிறு தொடங்கி இருபத்தெட்டு நாள், தன் மக்களின் நலத்திற்காகத் தானே பச்சைப் பட்டினி விரதம் காப்பவள் என்பது வழக்கு. நமக்காகப் பட்டினி கிடக்கும் தாயிடம், நாம் பிள்ளையின் மயிரைக் கொடுத்துக் கணக்குத் தீர்த்துவிட்டு, திரும்பும் வழியில் வயிறாரப் பிரியாணி உண்கின்றோம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆண்ட மதுரை நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதர் 1732-இல் மகப்பேறின்றி இறந்தார். அவரும் அவர் குடும்பத்தாரும் கைகூப்பி நிற்கும் உருவங்களை இவ்வரங்கன் கோயிலினுள் நீவிர் கண்டிருப்பீர்கள். அவருக்குப் பின் அவர் தேவி மீனாட்சி அரசாட்சியை ஏற்றார். நாயக்கர் குலத்தவரான வங்காரு திருமலை என்பாரின் மகனை மகவேற்றுக்கொண்டார். மகனைக் கொடுத்த வங்காரு திருமலையோ, தமக்கே அரியணை உரியதென வழக்காடத் தொடங்கினார். ஒரு குடும்பத்திற்குள் இருவர் பூசலிட்டால் மூன்றாமவர் நாட்டாண்மைக்கு வருவது நம் ஊர்களில் இன்றும் காணும் முறையே. அன்று வந்தவர்கள் ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலியின் மகன் சப்தர் அலியும் மருகர் சந்தா சாகிப்பும் ஆவர். வங்காரு திருமலை மகனுக்குப் பொருள் பேசினார். அரசியார் மருகருக்குப் பொருள் பேசினார். அரசியார் பேசிய தொகை ஒரு கோடி ரூபாய் என வரலாற்று நூல்கள் கூறும்.

பணம் மட்டும் போதுமென அரசியார் கருதவில்லை. பணம் பெற்றவர் மேலும் பணம் பெறுமிடத்திற்குப் போவார் என்பதை அவர் அறிவார். ஆகவே ஆணை கேட்டார். திருவரங்கத்துத் தளவாய் மண்டபத்தில், குர்ஆன் மீது கைவைத்து, உமக்கு ஒரு தீங்கும் செய்யேன் எனச் சந்தா சாகிப் ஆணையிட்டார் என்பர். பட்டாடையில் சுற்றப்பட்டிருந்தது திருநூல் அன்று, ஒரு செங்கல் என்பது அன்று முதல் வழங்கிவரும் கதை. 1736-இல் அவர் கோட்டைக்குள் விடப்பட்டார். சிறிது காலத்தில் கோட்டை அவருடையதாயிற்று, அரசியார் சிறைப்பட்டார், நஞ்சுண்டு உயிர் நீத்தார் என்பர்.

இக்கதையைச் சொல்லுவோர் எல்லாரும் "எத்துணைத் துணிச்சல்!" என்று வியப்பர். யாம் அங்ஙனம் வியப்பதில்லை. கதை மெய்யாயின் அது துணிச்சலைக் காட்டுவதன்று, அச்சத்தையே காட்டுகின்றது. இறைவனுக்கு அஞ்சாத ஒருவர் உண்மையான திருநூலின் மீதே கைவைத்துப் பொய் சொல்லியிருப்பார். செங்கல்லைத் தேடி, அதனை அளவாய்த் தட்டிச் செதுக்கி, பட்டில் பொதியும் தொல்லை அவருக்கு எதற்கு? தம் மறையின் மீது பொய்யாணை இட அவர் நடுங்கினார். அந்நடுக்கமே செங்கல்லைத் தேடச் செய்தது. கடவுளுக்கு அஞ்சுபவன் பொய் சொல்லான் என்பது பெரியோர் துணிபு. கடவுளுக்கு அஞ்சுபவன் உறையை மாற்றுவான் என்பது வரலாறு காட்டும் துணிபு. எம் சத்தியமங்கலத்து மாணவனும் இவரும் ஒரே பள்ளியிற் பயின்றவர்களே.

நகைக்க வேண்டா. அப்பள்ளியில் நம்மில் பலரும் வருகைப் பதிவில் உள்ளோம். ஏகாதசி அன்று சோறுண்ணலாகாது என்று விரதம் பூணுகின்றோம். பழ உணவு என்னும் பொருளுடைய "பலாகாரம்" என்ற வடசொல் நம் வாயில் "பலகாரம்" ஆகி, இட்டிலியாகவும் தோசையாகவும் கோதுமை உப்புமாவாகவும் உருமாறி இலையில் வந்து விழுகின்றது. சொல் மட்டும் பழத்தின் உறையாய் நிற்க, உள்ளே இருப்பது செங்கல். கைக்கூலி வாங்குவோர் அதனைக் கையால் தொடுவதில்லை. மேசை இழுப்பறை தானே திறந்து தானே மூடிக்கொள்கின்றது. வரதட்சிணை கேட்பதில்லை என்று சூளுரைத்த மாமியார், "உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதை நாங்கள் ஏன் தடுக்க வேண்டும்?" என்கின்றார். இவர்களுள் ஒருவரும் தம்மைப் பொய்யர் என்று எண்ணுவதில்லை. உறை ஒழுங்காக இருக்கின்றதன்றோ!

அரசியாரின் முடிவோடு கதை முடியவில்லை. 1741-இல் மராட்டியர் திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டுப் பிடித்துச் சந்தா சாகிப்பைச் சிறை கொண்டு சென்றனர். ஏழாண்டுக்குப் பின் 1748-இல் அவர் விடுதலை பெற்றார். பிரெஞ்சுக்காரர் துணையோடு ஆர்க்காட்டு அரசுரிமைக்குப் போரிட்டார். போட்டியாளரான முகம்மது அலி ஆங்கிலேயர் துணையோடு மலைக்கோட்டைக்குள் இருந்தார். 1752-இல் காற்று மாறிற்று. ழாக் லா என்னும் பிரெஞ்சுத் தளபதி, சந்தா சாகிப்போடு காவிரியைக் கடந்து இத்தீவுக்குள் வந்து ஒடுங்கினார். ஆனைக்காவிலும் அரங்கத்திலும் கோயில் மதில்களே அவர்களுக்கு அரணாயின. சுற்றிலும் ஆங்கிலேயர், தஞ்சையார், மைசூரார், மராட்டியர். உணவு குறைந்தது, படைவீரர் கூட்டங் கூட்டமாய் நீங்கினர், சந்தா சாகிப்பின் உடல்நலமும் குன்றிற்று.

இந்நிலையில் அவர் யாரை நம்பித் தப்பிக்க எண்ணினார் தெரியுமா? தஞ்சைப் படைத்தலைவர் மானோஜியை. கடற்கரையிலுள்ள ஐரோப்பியர் குடியிருப்பு ஒன்றுக்கு அவரைப் பாதுகாப்பாக அனுப்புவதென்பது ஏற்பாடு. பெருந்தொகை முன்பணமாகக் கைமாறிற்று. ஈடாக ஒருவரைப் பிணை கொடுங்கள் என்று லா கேட்டார். அதற்கு அப்படைத்தலைவர் கூறிய விடையை ஓர்ம் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கின்றார். வஞ்சிக்க எண்ணினால் எந்தப் பிணையும் என்னைத் தடுக்காது. பிணை கொடுத்தாலோ மறை வெளிப்பட்டுவிடும் என்பது அவ்விடையின் கருத்து. யாம் படித்த வரலாறுகளிலே, வஞ்சகர் ஒருவர் வஞ்சிப்பதற்கு முன் இத்துணை நேர்மையாகப் பேசியதை வேறெங்கும் கண்டதில்லை. பின்னர் அவர் தம் வாளின் மீதும் குறுவாளின் மீதும் ஆணையிட்டார். தவறினால் இவை என்மேலேயே திரும்புக என்றார்.

ஈண்டு எம் வாதத்திற்கு ஓர் இடையூறு உண்டு. அதனை மறைத்தல் தகாது. பிறர் தலைமேல் இடும் ஆணையை இகழ்ந்து, தன்மேல் இடும் வஞ்சினத்தைப் புகழ்ந்தோம். மானோஜியின் ஆணையோ நலங்கிள்ளியின் வஞ்சினம் போல் முழுவதும் தம்மேலேயே இட்டது. செங்கல் இல்லை, வாள் உண்மையான வாள். ஆயினும் காக்கப்படவில்லை. குறித்த இடத்திற்கு வந்த சந்தா சாகிப்புக்குப் பல்லக்கும் துணைப்படையும் காத்திருக்கவில்லை, காவலே காத்திருந்தது. அவரை யார் வைத்துக்கொள்வது என்று வெற்றியாளர்களுக்குள் பூசல் எழுந்தது. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் பகை என்று கண்ட மானோஜி, ஒருவருக்கும் இல்லாதபடி தலையைக் கொய்வித்தார். 1752 சூன் மாதம் அது. வாள் அவர்மேல் திரும்பவில்லை. அடுத்த ஆண்டுகளிலும் அவர் தஞ்சைப் படையை நடத்தினார்.

அப்படியானால் நலங்கிள்ளிக்கும் இவருக்கும் என்ன வேற்றுமை? யாம் நெடுநாள் எண்ணிப் பார்த்தோம். நலங்கிள்ளி எவரிடமும் எதனையும் பெறுவதற்காகச் சூளுரைக்கவில்லை. அவன் பகைவன் அதனை நம்ப வேண்டுமென்ற தேவை அவனுக்கில்லை. அவையில், தன்னை நாளும் காணும் மக்கள் முன்னே சொன்னான். தவறினால் அம்மக்களின் முகத்திலேயே நாளும் விழிக்க வேண்டும். மானோஜியின் ஆணை மறைவிலே, ஒருவர் செவியில், முன்பணம் வாங்கிய கையோடு இட்டது. விலை பெற்றுக்கொண்டு இடும் ஆணை, விற்பனைப் பொருள். விற்றவர் அதனை மீண்டும் மற்றொருவருக்கு விற்பதில் என்ன தடை?

சந்தா சாகிப் பொய்யாணை இட்டதும், பொய்யாணையை நம்பி உயிர் நீத்ததும் ஒரே தளவாய் மண்டபத்தில் என்று சொல்லுவாரும் உளர். மெய்யோ, மக்கள் நாவு செய்த ஒப்பனையோ! வஞ்சித்தவன் வஞ்சித்த இடத்திலேயே, அதே தூணருகிலேயே வீழ வேண்டுமென்று நாம் விரும்புகின்றோம். அறக்கடவுளுக்கு ஊர் வழி தெரியாதோ என்னும் ஐயம் நமக்கு. ஆதலால் முகவரியைத் துல்லியமாய் எழுதிக் கொடுக்கின்றோம். இதுவும் மனித இயல்பின் குறைபாடுகளுள் ஒன்றெனச் சேர்த்துக்கொள்க.

கொய்த தலை முகம்மது அலியிடம் கொண்டுபோகப்பட்டது. மூன்றாண்டு போரிட்ட தம் பகைவரின் முகத்தை அவர் அன்றுதான் முதன்முறையாகக் கண்டாராம். கண்டவர் பாடம் கற்றாரா எனின், இல்லை. போருக்குத் துணை வந்தால் திருச்சிராப்பள்ளியையே தருவதாக மைசூர் நஞ்சராஜருக்கு அவர் முன்பே வாக்களித்திருந்தார். வெற்றி கிடைத்ததும் நஞ்சராஜர் கேட்டார். இரண்டு மாதத் தவணை சொல்லப்பட்டது. பின்னர் வேறொன்று சொல்லப்பட்டது. கேட்டவர் வீடு திரும்ப வேண்டியவர்தாமே என்று நினைத்தால், அவர் திரும்பவில்லை. இதே திருவரங்கத்தில் பாளயம் இறங்கி, பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து, 1755 வரை போரை நீட்டித்தார். கொடுத்த வாக்கைக் காப்பதற்கு ஒரு நகரம் செலவாகியிருக்கும். காவாததற்கு எத்தனை சிற்றூர்களின் வயல்கள் செலவாயின என்பதை எவரும் கணக்கெழுதி வைக்கவில்லை. போர் புரிந்தோரின் பெயர்களெல்லாம் நூல்களில் உள. இரண்டு கரைகளிலும் நெல்லை இழந்த உழவர் ஒருவரின் பெயரேனும் இல்லை.

1795-இல் இறந்த முகம்மது அலியின் உடல் பின்னர்த் திருச்சிராப்பள்ளி நத்தர்வலி தர்காவில் அடக்கம் செய்யப்பட்டது. அதே தர்காவில்தான் சந்தா சாகிப்பின் கல்லறையும் உள்ளது. உயிரோடிருக்கையில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராதவர்கள்.

இனி, இக்கதையில் எம்மை மிகவும் வருத்தும் பகுதி ஒன்றுண்டு. "தான் திருடி அசல் வீட்டை நம்பாள்" என்பது நம் பழமொழி. பழமொழி தோற்ற இடம் இது. செங்கல்லைப் பட்டில் சுற்றியவர் என்று பேர் பெற்ற ஒருவர், மற்றொருவரின் ஆணையை எங்ஙனம் நம்பினார்? உலகத்தில் ஒருவருக்கு ஆணையின் மதிப்பு தெரிந்திருக்குமானால் அவருக்கன்றோ தெரிந்திருக்க வேண்டும்! தெரிந்தேயிருக்கும். ஆனால் அவருக்கு வேறு வழியில்லை. வேறு வழியில்லாதவனுக்கு ஆணை, ஆணையாகத் தோன்றுவதில்லை, வழியாகத் தோன்றுகின்றது. மீனாட்சி அரசியாரும் அறியாதவர் அல்லர். நம்பினால் உயிர் தப்பலாம், நம்பாவிடின் உறுதியாய் அழிவு என்னும் நிலையில் நம்பிக்கை என்பது அறிவின் செயலன்று. மூழ்குபவன் கையின் செயல். அதனால் ஏமாந்தோரை மூடர் என்று இகழ்பவரைக் கண்டால் எமக்குச் சினம் வருகின்றது. சீட்டு நிறுவனத்தில் பணம் போட்டு இழந்த முதியவரைப் பார்த்து, "பேராசைதானே!" என்று எளிதில் சொல்லிவிடுகின்றோம். அவருக்கு மகள் திருமணம் ஆறு மாதத்தில் இருந்தது என்பதை நாம் கேட்பதில்லை.

அகப்பாட்டுகள் இதனை நன்கறியும். குறுந்தொகையில் கபிலர் பாட்டொன்றில், தலைவன் சூளுரைத்துச் சென்று மீளவில்லை. மன்றத்து மரத்தில் உறையும் தெய்வம் கொடியோரை ஒறுக்கும் என்பது ஊர்வழக்கு. தலைவி என்ன செய்கின்றாள்? என் தலைவர் கொடியர் அல்லர் என்று அவனுக்காகவே பேசுகின்றாள். ஏமாந்தவளே ஏமாற்றியவனுக்கு வழக்கறிஞராய் நிற்கின்றாள்! இதனை மடமை என்போர் என்க. எம் மாணவர்க்கு இப்பாட்டை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் எம் குரல் சற்றே தடுமாறுகின்றது.

நீதிமன்றத்தையும் ஒரு சொல்லில் தொட்டுச் செல்வோம். ஆங்கிலேயர் ஆட்சியில் முன்னாளில் இந்துக்கள் கங்கை நீரின் மீதும், முகம்மதியர் குர்ஆன் மீதும் ஆணையிட்டே சான்று கூற வேண்டியிருந்தது. அவ்வாணைக்கு அஞ்சியும் நாணியும் நல்லோர் பலர் நீதிமன்றப் படியே ஏறவில்லை. ஏறியவர் எத்தகையோராயிருப்பர் என்பது சொல்லாமலே விளங்கும். இவ்வல்லலை முன்னிட்டே 1840-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாணையை நீக்கி, உறுதிமொழி போதும் என்றது. பின்னர் 1873-இல் வந்த சட்டம், எதிரி கோயிலில் வைத்துச் சத்தியம் செய்வானாயின் வழக்கை விட்டுக்கொடுக்கின்றேன் என்று ஒருவர் சொல்லுவதற்கும் இடம் தந்தது. எதிரியின் தெய்வ பயத்தை நம்பி வழக்கையே பணயம் வைத்தவர்களும் இருந்தார்கள் என்று காண்க. இன்று நடைமுறையில் உள்ளது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை அவர்கள், இவ்வூர் நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராய்த் தொடங்கி, மாயூரத்தில் முனிசீப்பாய் விளங்கினார்கள். நாள் முழுவதும் ஆணைகளைச் செவிமடுத்த அவர்கள் 1859-இல் நீதிநூலும், 1879-இல் பிரதாப முதலியார் சரித்திரமும் வெளியிட்டார்கள். அவ்வளவு பொய்யாணைகளைக் கேட்டும் மனிதர் மேல் வெறுப்புக் கொள்ளாமல் நகைக்க முடிந்ததே என்பதுதான் எமக்கு அவர்கள்பால் உள்ள பெருமதிப்பு.

இத்தனையும் பழங்கதை, எங்கள் காலத்தில் ஆணையே இல்லை என்று இளைஞர் எவரேனும் எண்ணலாம். தம்பி, உம் கைபேசியை எடுத்துப் பாரும். புதிய செயலி ஒன்றை இறக்குங்கால், விதிமுறைகள் அனைத்தையும் படித்தேன், உடன்படுகின்றேன் என்று ஒரு கட்டத்தில் குறியிடுகின்றீர். அவ்விதிகள் ஒரு சிறு காவியத்தின் நீளம். படித்தீரா? உறுதிமொழி கேட்பவனும் நீர் படிக்கவில்லை என்பதை அறிவான். நீரும் அவன் அறிவான் என்பதை அறிவீர். இருவரும் அறிந்தே நடக்கும் இப்பொய்யாணை பெரிய கடை வீதியில் நடப்பதினும் பெரிது; அங்கேனும் ஒரு வேட்டி கிடைக்கும்.

முடிக்கும் முன், நம் வீட்டுக்குள்ளேயே ஒரு செய்தி உண்டு. செயலாளர் அவர்கள் விழிக்கின்றார்கள். ஆயினும் சொல்லியே தீர்வோம். சென்ற ஆண்டு இதே கூட்டத்தில் நம் சங்கத்துக் கல்வி நிதிக்குப் பலர் எழுந்து நன்கொடை அறிவித்தனர். கைதட்டல் கூரையைப் பெயர்த்தது. ஒருவர், இறைவன் சான்றாக ஒரு மாணவியின் படிப்பு முழுவதற்கும் யானே பொறுப்பு என்றார். அவர் பெயரை யாம் சொல்லோம், அவர் நல்லவர். சொல்லியபோது மெய்யாகவே சொன்னார் என்பதிலும் எமக்கு ஐயமில்லை. கைதட்டலின் நடுவே ஒவ்வொருவர் உள்ளமும் ஓரிரு நிமிடம் வள்ளலாகிவிடுகின்றது. வீடு திரும்பி மின்கட்டணச் சீட்டைக் கண்டதும் மீண்டும் தன்னிலை எய்துகின்றது. அறிவித்த தொகைகளுள் பாதிக்கு மேல் இன்னும் பெட்டிக்கு வரவில்லை.

அம்மாணவி செவிலியர் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். மேடையில் சொல்லப்பட்ட சொல்லை நம்பித்தான் சேர்ந்தாள். முதலாண்டுக் கட்டணத்தின் இரண்டாம் தவணைக்கு அவள் தாயார் காதணியை அடகு வைத்தார்கள். இரண்டாம் ஆண்டுக்கு வைப்பதற்கு அவ்வீட்டில் காது மட்டுமே எஞ்சியுள்ளது. சென்ற மாதம் அப்பெண் எம்மிடம் வந்து, "ஐயா, அவர் கடவுள் சாட்சியாகச் சொன்னாரே?" என்று கேட்டாள். குற்றஞ்சாட்டும் குரலில் கேட்கவில்லை. இலக்கண ஐயம் கேட்பது போலக் கேட்டாள். நன்னூல் முழுவதையும் பாடம் சொன்ன எமக்கு அதற்கு விடை தெரியவில்லை. அவளுக்கு அடுத்த கட்டணம் இம்மாத இறுதிக்குள் கட்ட வேண்டும். அதனை மட்டும் நினைவில் வையுங்கள்.

இவ்வாண்டு மேடையில் எழுந்து அறிவிக்கும் முறை இல்லை. செயலாளர் மேசைமேல் ஒரு பேரேடு வைத்திருக்கின்றோம். சென்ற ஆண்டு ஏட்டில் பெயருக்கு ஒரு பத்தியும் தொகைக்கு ஒரு பத்தியும் மட்டுமே இருந்தன. இவ்வாண்டு "கொடுக்கும் நாள்" என மூன்றாம் பத்தி ஒன்றை யாமே அளவுகோல் வைத்துக் கோடிட்டோம். ஆணை எதுவும் வேண்டா. பிள்ளைகள் தலையும் வேண்டா. தொகை சிறிதாயினும் ஆகுக. நாளை முதலில் எழுதுங்கள், தொகையைப் பிறகு எழுதலாம். இன்றே கையோடு கொடுப்போர்க்குப் பற்றுச்சீட்டு உண்டு. பேரேட்டோடு எழுதுகோலும் நூலால் கட்டித் தொங்கவிடப்பட்டுள்ளது. அதனைக் கண்டு யாரும் மனவருத்தம் கொள்ள வேண்டா. சென்ற ஆண்டு கட்டாமல் வைத்த எழுதுகோல் மறைந்துபோயிற்று. தாங்கள் எடுக்கவில்லை என்று நால்வர் சத்தியம் செய்தனர்.